சுல்மீராவுக்கு வைத்த தண்ணீர்

எங்கள் பக்கத்து வீட்டு எர்மீனியு முப்பத்தெட்டு வருஷமாக உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். எங்கள் தெற்குக் கடற்கரை ஊரான காஸ்த்ரோ மரிமுக்குக் கீழே, ஆறு கடலில் சேருகிற இடத்தை ஒட்டிக் கிடக்கிற பாத்திகளில் அவர் கால் படாத பாத்தி குறைவு. ஒல்லியான ஆள், பேச்சும் கம்மி. பூசைக்கு வந்தால் பின்வரிசையில் நிற்பாரே தவிர உட்கார மாட்டார். உப்பு வாருகிறவனுக்கு உட்கார்ந்தால்தான் இடுப்பு வலிக்கும் என்பார். அவர் மகள் நேலியாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். அதனால் எங்கள் ஊர் முறைப்படி அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களைவிட ஒரு படி மேலான உறவு அது. அந்த உரிமையில்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் மனைவி சுல்மீரா இருபத்தாறு வருஷம் மீன் டப்பாத் தொழிற்சாலையில் ஈரத் தரையில் நின்றவள். ஐம்பத்தைந்து வயதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. டாக்டர் தண்ணீரில் நடக்கச் சொன்னார். கடலில் இறங்க அவளுக்குப் பயம். ஆற்றிலோ சேறு காலைப் பிடித்து இழுக்கும். எர்மீனியு ஒரு வாரம் கொல்லையைக் கொத்தி மட்டம் பண்ணினார். ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார், பாத்தி கட்டுகிறபோது பார்ப்பதுபோலவே. பிறகு லாரியில் ஒரு நீச்சல் தொட்டி வந்து இறங்கியது. குழி தோண்டிக் கட்டுகிறது அல்ல. தகரச் சுவரை வட்டமாக நிறுத்தி, உள்ளே நீல விரிப்புப் போட்டு, தரைக்கு மேலேயே நிற்கிற தொட்டி. நாலரை மீட்டர் அகலம், சுல்மீராவின் மார்பு வரைக்கும் ஆழம். குளோரின் கொட்டினால் அவள் தோல் தடித்துப் போகிறது என்று, அடுத்த வருஷம் பம்போடு ஒரு சின்னப் பெட்டியையும் சேர்த்தார். தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துவிட்டால், அந்தப் பெட்டிக்குள் இருக்கிற தகடுகள் மின்சாரத்தில் அந்த உப்பிலிருந்தே வேண்டிய குளோரினைச் செய்துகொள்ளும். தண்ணீர் தோலுக்கு மெத்தென்று இருக்கும். நாங்கள் அதை உப்புப்பெட்டி என்போம்.

சுல்மீரா தினமும் சாயங்காலம் அதில் வட்டமாக அறுபது சுற்று நடப்பாள். சுற்றி நடக்க நடக்க தண்ணீரும் அவளோடு சேர்ந்து சுழல ஆரம்பிக்கும். ஒருநாள் நாற்பதாவது சுற்றிலோ என்னவோ, சும்மா காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. "கொமாத்ரே, யாரோ என்னைக் கையில ஏந்திக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு" என்று ஈரத் தலையோடு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சொன்னாள். அன்றிலிருந்து நடை அறுபது சுற்று, மிதப்பது ஒரு சுற்று. எர்மீனியு ஏணிப் பக்கம் துண்டோடு நிற்பார். ஒருநாளும் உள்ளே இறங்கியதில்லை. தண்ணீர் என்றால் அவருக்கு வேலை, அவ்வளவுதான்.

போன வருஷம் அக்டோபரில் நேலியாவுக்கு சுவிட்சர்லாந்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. அவளும் புருஷனும் ஒரே ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கிற பிரிவில் மாற்றி மாற்றி வேலை பார்க்கிறவர்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. சுல்மீரா பெட்டியைக் கட்டினாள். எர்மீனியுவும் போயிருக்கலாம், நேலியா கூப்பிட்டாள். ஆனால் குளிர்காலத்தில்தான் பாத்திக் கரைகளைச் சேறு வைத்துப் பூசி வைக்க வேண்டும். அவர் பூசாவிட்டால் ஜூனில் உப்பு இல்லை.

கிளம்புகிற அன்று சுல்மீரா அடுப்படிச் சுவரில், மாதா படம் போட்ட காலண்டருக்குக் கீழே, ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். தொட்டியைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். மதியம் நாலு மணி நேரம் பம்பு ஓட வேண்டும். விழுந்த இலையை அன்றன்றே வலையால் எடுக்க வேண்டும். சனிக்கிழமை வடிகட்டியைக் கழுவ வேண்டும். மழை பெய்து நிரம்பினால் நான்கு விரல் குறைத்துவிட வேண்டும். கடைசி வரி: பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கினால் உப்புப் போடு.

பேருந்து நிறுத்தத்தில் அவள் அவரிடம் சொன்னதை நானும் கேட்டேன். "ஈஸ்டருக்கு வந்துடுவேன். வந்த அன்னிக்கே இறங்குவேன். தண்ணியக் கெட விட்டுடாத, மனுசா."

அவர் தலையை ஆட்டினார்.

எங்கள் பக்கத்துக் குளிர்காலம் பெரிய குளிர் இல்லை. ஆரஞ்சு பழுக்கும், மதியத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம். பனி பெய்கிற ஊரில் தொட்டியை மூடிவிட்டு வசந்தத்தில் திறப்பார்களாம். இங்கே அது நடக்காது. நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் டிசம்பரிலும் பாசி பிடிக்கும். சரி, காலி செய்துவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. தண்ணீர்தான் அந்தத் தகரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வெறும் தொட்டியாக இருந்தால் கிழக்குக் காற்று ஒரே மூச்சில் மடக்கிப் போட்டுவிடும். அதனால் தினமும் பார்க்க வேண்டும், கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல. அங்கே அவள் இரண்டைப் பார்த்தாள், இங்கே இவர் ஒன்றைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுவாள். அவர் தொலைபேசியைத் தொட்டிக்கு மேலே பிடித்துத் தண்ணீரைக் காட்டுவார். அடியில் விரிப்பின் மடிப்பு வரைக்கும் தெரியும். அவள் பிள்ளைகளைக் காட்டுவாள். இரண்டு பேரும் அவரவர் கையிலிருப்பதைக் காட்டிவிட்டு, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எழுந்து வந்துவிடுவேன்.

நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளுக்கு ஒரே ஒரு பெரிய மழை பெய்தது. அதற்குப் பிறகு மழையே இல்லை. டிசம்பர் நடுவில் ஒரு காலை, சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் கொம்பாத்ரே செய்த தப்பு வருகிறது. உப்பளத்துக்காரன் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. விளக்கைப் பார்த்ததும் அவர் விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பாத்தியில் எந்தத் தண்ணீர் எத்தனை நாளில் உப்பாகும் என்று நாக்காலேயே சொல்லுகிற மனிதர் அவர். உப்பு சரியாக இருக்கிறது என்று நாக்கு சொன்னது. அடுப்படிக்குப் போய்த் தாளைப் பார்த்தார். உப்புப் போடு என்று தாள் சொன்னது. அது சுல்மீராவின் கையெழுத்து. நாக்கை விட்டுவிட்டுத் தாளைக் கேட்டார்.

அதோடு விட்டாரா? தொட்டிக்கென்று கடையில் விற்கிற சுத்தம் செய்த உப்பு ஒன்று இருக்கிறது. அதை வாங்குவது அவருக்கு மானக்கேடாக இருந்தது. உப்பு விளைவிக்கிறவன் வீட்டில் கடை உப்பா? அந்தக் கோடையில் அவர் தன் கையால் வாரி, வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த மூன்று மூட்டை இருந்தது. நாங்கள் வருஷமெல்லாம் மீனில் போடுகிற உப்பு அதுதான், நல்ல உப்பு. அதில் இரண்டு மூட்டையைக் கொட்டினார். மூன்றாவதிலும் அரை மூட்டை கொட்டினார், அவளுக்குக் குறை வைக்கக் கூடாது என்று.

கடல் உப்பில் வெறும் உப்பு மட்டுமா இருக்கிறது? பாத்தியின் களிமண் இருக்கிறது, கசப்பு நீர் இருக்கிறது, சுண்ணாம்பும் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அதுதான் ருசி. உப்புப்பெட்டிக்கு அது விஷம். இரண்டாம் நாள் தண்ணீர் கஞ்சித் தண்ணி மாதிரி ஆனது. நான்காம் நாள் பால். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்து பார்த்தால் தகடுகள் மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. சிவப்பு விளக்கு மினுக்குவது மட்டும் நிற்கவில்லை.

இந்த மாதிரிச் செய்தி காப்பிக் கடைக்குப் போகாமல் இருக்குமா? அங்கே ஃப்ளோரிவால் என்று ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று இன்னமும் வீடு வீடாகச் சேர்க்கிறவர். எர்மீனியு உள்ளே வந்ததும் ஆரம்பித்தார்.

"ஏம்பா எர்மீனியு, என் பொண்டாட்டி கிறிஸ்துமஸுக்குக் காஞ்ச மீனை உப்பு போக ஊறப்போட ஏனம் தேடிக்கிட்டிருக்கா. உன் தொட்டில போடலாமா?"

"போடு."

"வேணாம்பா. போடறப்ப இருந்ததைவிட எடுக்கறப்ப உப்பு ஜாஸ்தியா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்து முடிக்காமலே வந்துவிட்டார். என்னிடம் வந்து வேலி ஓரம் நின்றார்.

"தண்ணி கெட்டுப் போச்சு, கொமாத்ரே. அவ வரமாட்டா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அப்படியெல்லாம் நினைக்கிறது பாவம்" என்றேன். ஆனால் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் நேலியா தொலைபேசியில் என்னிடம் தனியாகப் பேசியிருந்தாள். அம்மா இல்லாமல் சமாளிக்க முடியாது, குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கக் கோடை ஆகிவிடும், ஈஸ்டருக்கு வருவது சந்தேகம்தான், அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள் என்றாள். தொட்டியை வைத்துக்கொண்டு அவர் ஏன் கஷ்டப்பட வேண்டும், கழற்றிப் போட்டுவிட்டு இங்கே வரச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். நான் சொல்லவில்லை. பக்குவம் எனக்கு அகப்படவில்லை. கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். கழற்றவும் வேண்டாம், அவள் வரவும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே மெழுகுவர்த்தியில் கேட்டேன்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அவரைக் கட்டாயப்படுத்தி இரும்புக் கடை அவுரேலியாவிடம் அழைத்துப் போனேன். தொட்டிச் சாமான்களும் அவள்தான் விற்கிறாள். நடந்ததைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"தண்ணி குளிர்ந்தா அந்த விளக்கு சும்மாவே மினுக்கும், எர்மீனியு. உப்பு இருந்தாலும் இல்லேன்னு காட்டும். உன் நாக்கு என்ன சொல்லிச்சு?"

"போதும்னு சொல்லிச்சு."

"அப்ப நாக்கைக் கேக்க வேண்டியதுதானே?"

தாளில் எழுதியிருந்தது என்று பொண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. காதுமடல் வரை சிவந்துபோய் நின்றார்.

அவுரேலியா வழி சொன்னாள். தண்ணீர் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் பெட்டி எப்படியும் வேலை செய்யாது. குளிர்காலம் முடியும்வரை அதை நிறுத்திவிட வேண்டும். தகடுகளைச் சமையல் காடியில் ஊறப்போட்டால் பொருக்கு விடும், கத்தியால் சுரண்டக் கூடாது. வாரம் ஒருமுறை குளோரின் தண்ணியைக் கையால் அளந்து ஊற்ற வேண்டும், கொஞ்சமாக ஊற்றினால் போதும். ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் பாதித் தண்ணீருக்கு மேல் வெளியே எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட வேண்டும்.

எடுப்பது சுலபம். அந்த உப்புத் தண்ணீரைக் கொல்லையில் விட்டால் ஆரஞ்சு மரம் செத்துப்போகும். அதனால் நீளக் குழாய் போட்டு, வாய்க்கால் வழியாக உப்பளத்துக்கே அனுப்பினார். இரண்டரை மூட்டை உப்பில் பாதிக்கு மேல் விளைந்த இடத்துக்கே திரும்பிப் போனது. தொட்டியில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நின்றது.

விடுவதுதான் முடியவில்லை. மூன்றாவது வருஷமாக மழை பொய்த்து, அணைகள் அடிமண் தெரியக் கிடந்தன. வீட்டுக் குழாயிலிருந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று உத்தரவு. எல்லோரும் அதை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஃப்ளோரிவால் நல்ல மனதோடுதான் சொன்னார், அடுப்படிக் குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி ஜன்னல் வழியா விட்டா யார் பார்க்கப்போறா என்று.

"ஆண்டவர் பார்க்கிறது இருக்கட்டும்" என்றார் எர்மீனியு. "சுல்மீரா கேப்பா, தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு."

மழைக்குக் காத்திருப்பது என்று ஆயிற்று. கூரைத் தண்ணீர் விழுகிற தகரக் குழாயைத் திருப்பி, வாயைத் தொட்டிக்குள் விட்டு வைத்தார். உப்பு வாருகிறவர்களுக்கு மழை ஜென்ம விரோதி. பாத்தியில் உப்புப் பூத்திருக்கிறபோது அரை மணி மழை பெய்தால் ஒரு மாத உழைப்பு கரைந்துவிடும். மேகத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர், இப்போது காலையில் எழுந்து தெற்குப் பக்கத்து வானத்தை, கடன் கேட்க வந்தவன் வாசலைப் பார்ப்பதுபோலக் கூச்சத்தோடு பார்ப்பார். ஒருநாள் பூசையில் மழைக்காக வேண்டிக்கொள்ளச் சாமியார் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து இவர் குரல் எல்லாருக்கும் முன்னால் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் இருந்தார். முழங்கால் போடவும் அவருக்குப் பழக்கமில்லை.

ஜனவரி போயிற்று. வாதுமை பூத்தது. மழை மட்டும் இல்லை. வெயிலும் வெதுவெதுப்புமாக, ஊரில் எல்லோரும் என்ன நல்ல குளிர்காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆழம் குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் பச்சையாகும். தண்ணீர் இழுக்கிற துளைக்குக் கீழே மட்டம் இறங்கிவிட்டதால் பம்பும் ஓட்ட முடியாது. எனவே எர்மீனியு உப்பளத்தில் போடுகிற தொடை உயர ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மரப்பலகை வைத்த உப்பு வாருகோலோடு தானே உள்ளே இறங்கினார். குளோரின் தண்ணியை ஊற்றிவிட்டு, கலக்குவதற்காக வட்டமாக நடந்தார். தினமும் மதியம் நடந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். சுல்மீரா நடக்கிற சத்தம் மாதிரியே இருக்கும், கொஞ்சம் கனமாக. இரண்டு தடவை நான் மறந்துபோய் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் கிழக்குக் காற்று மூன்று நாள் அடித்தது. முதல் நாள் மதியமே தகரச் சுவர் உள்ளே வெளியே என்று மூச்சு வாங்குவதுபோல அசைந்தது. அவர் ஓடி வந்து கயிறு கேட்டார். என் புருஷனுடைய படகுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். தொட்டியைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டினோம். காற்று வருகிற பக்கம் பாத்திப் பலகைகளை முட்டுக்கொடுத்து, கல் வைத்தார். முடிச்சுப் போடுகிறவரை நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க, கொமாத்ரே, காத்துல கேக்கல" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். சுவர் நின்றது.

இத்தனையும் சுல்மீராவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறபோது அவர் ஆரஞ்சு மரத்தைக் காட்டினார், பூனையைக் காட்டினார், சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்ததைக் காட்டினார். தண்ணியைக் காட்டு என்றால் தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்பார். தவக்காலம் தொடங்கின முதல் ஞாயிறு, சுல்மீரா என்னைக் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"கொமாத்ரே, அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? எதையோ மறைக்கிறார். ரெண்டு மாசமா தொட்டியவே காட்டல. கழட்டிப் போட்டுட்டாரா? நான் வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டாரா?"

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை, அதுவும் தவக்காலத்தில். காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. "அவரையே கேளு. நான் இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியோடு வேலியைத் தாண்டிப் போனேன். அவர் பூட்ஸோடு தொட்டிக்குள் நின்றிருந்தார். தொலைபேசியை அவர் கையில் கொடுத்தேன். தப்பிக்க வழியில்லை. தண்ணீருக்குள் நிற்கிறவரைத்தான் அவள் பார்த்தாள்.

"என்ன மனுசா, நீ உள்ள நிக்கிற?"

அவர் சொல்லிவிட்டார். மூட்டை மூட்டையாகக் கொட்டினதை, பால் மாதிரி ஆனதை, காப்பிக் கடைச் சிரிப்பை, வாய்க்காலில் விட்டதை, மழைக்குக் காத்திருப்பதை, எல்லாவற்றையும் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

"நாக்குல வச்சுப் பார்க்கலியா?" என்று கடைசியில் கேட்டாள்.

"பார்த்தேன்."

"என்ன சொல்லிச்சு?"

"போதும்னு."

"பின்ன ஏன் போட்ட?"

"நீ எழுதி வச்சிருந்தியே."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. பின்னால் ஒரு குழந்தை அழுதது, அதையும் கவனிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், இங்கே ஜன்னலைத் திறந்தால் பனி, தெருவில் பேசினால் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆஸ்பத்திரித் துணி மடிக்கிற மகளோடு பேசவும் நேரமில்லை, ராத்திரி கண்ணை மூடினால் அந்தத் தண்ணீரில் சுற்றி நடக்கிறேன், அது ஒன்றுதான் தூங்கவைக்கிறது என்று.

"தண்ணி எவ்வளவு இருக்கு இப்ப?"

"முழங்காலுக்கு மேல. உனக்குத் தொடை வரைக்கும் வரும்."

"சரி. தொடை வரைக்கும் இருந்தாலும் இறங்குவேன். ஈஸ்டருக்கு வரேன். நேலியா கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியிருந்ததால் யாரும் யாரையும் கேலி பண்ணவில்லை.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் மழை வந்தது. தென்மேற்கிலிருந்து வந்து நாலு நாள் நிற்காமல் பெய்தது. கூரைத் தண்ணீர் தகரக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் கொட்டிய சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. எர்மீனியு குடையில்லாமல் கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் தண்ணீர் துளைக்கு மேலே ஏறியதும் பம்பை ஓட விட்டார். காடியில் ஊறிச் சுத்தமான தகடுகளை மாட்டினார். பெரிய வியாழன் அன்று விரிப்பின் மடிப்பு மறுபடி தெரிந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு கொஞ்சம் குறைவு என்றார். கடைக்குப் போய், கடை உப்பு ஒரு மூட்டை வாங்கி, ஊர் பார்க்கத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஃப்ளோரிவால் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். அதுவும் அவருடைய நல்ல மனதுதான்.

சுல்மீரா பெரிய சனிக்கிழமை மதியம் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கி, பேருந்துப் படியில் இறங்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் போகவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனாள். தண்ணீர் பதினேழு டிகிரி. நான் வேண்டாம், ஈஸ்டர் அன்று காய்ச்சலோடு படுக்காதே என்றேன். யார் கேட்டார்கள்? பழைய கறுப்பு நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நடந்தாள். பத்துச் சுற்றுக்குப் பிறகு உதட்டுக்கு நிறம் வந்தது. இருபதில் தண்ணீர் அவளோடு சுழல ஆரம்பித்தது. அறுபது அவளால் முடியவில்லை. முப்பதுக்குள் காலைத் தூக்கினாள். தண்ணீர் அவளை எடுத்துக்கொண்டு ஏணியைக் கடந்து, ஆரஞ்சு மரத்துப் பக்கம் கடந்து, ஒரு முழுச் சுற்றுக் கொண்டு வந்து அவர் முன்னால் விட்டது. அவர் துண்டை விரித்துப் பிடித்தார். நான் கொண்டுபோயிருந்த ஈஸ்டர் ரொட்டியைத் திண்டில் வைத்துவிட்டு, பீடத்துக்குப் பூ வைக்கிற வேலை இருக்கிறது என்று சொல்லிக் கோவிலுக்குப் போய்விட்டேன்.

நேலியா லீவு போட்ட பன்னிரண்டு நாள்தான் சுல்மீராவுக்கு விடுமுறை. அதை அவள் வந்த அன்றே சொல்லிவிட்டாள். நேலியாவுக்குக் காப்பகத்தில் ஜூன் நடுவில் இடம் உறுதியாகியிருந்தது, அதுவரைக்கும் அங்கே இருந்தாக வேண்டும். ஜூன் இருபத்துநாலு, அருளப்பர் திருநாளுக்கு வந்துவிடுவேன், பிறகு போகமாட்டேன் என்றாள். போகிற அன்று அவர் விமான நிலையம் வரை போய்வந்தார். சாயங்காலம் நான் கொண்டைக்கடலைச் சூப்பு எடுத்துக்கொண்டு போனேன். அடுப்படியில் ஆள் இல்லை. சூப்பை வைத்தபோது சுவரில் அந்தத் தாளைப் பார்த்தேன். கடைசி வரியைச் சுல்மீரா அடித்துவிட்டு, அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: சிவப்பு விளக்கு மினுக்கினால் முதலில் நாக்கில் வைத்துப் பார். நாக்கு சொல்வதைக் கேள். கதவுக்குப் பக்கத்து ஆணியில் அவளுடைய கறுப்பு நீச்சலுடை காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் போகாமல் விட்டுப் போயிருக்கிறாள்.

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எர்மீனியு தொட்டிக்குள் இருந்தார். பூட்ஸ் ஏணிக்குக் கீழே கழற்றிக் கிடந்தது, வாருகோல் சுவரில் சாய்ந்திருந்தது. வெறுங்காலோடு, அரைக்கால் சட்டையோடு, சுவர் ஓரமாகவே வட்டமாக நடந்துகொண்டிருந்தார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது, கலக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. நான் நிற்பதை அவர் பார்க்கவில்லை. எத்தனையாவது சுற்று என்று தெரியாது. ஒரு இடத்தில் நின்றார், யோசித்தார், சுவரின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி ஊன்றிக்கொண்டார். மறுபடி நடந்தார்.

சூப்பு ஆறிவிடுமே என்று நினைத்தேன். ஆனால் கூப்பிடவில்லை.